மொட்டைப்பாறையில் ஏழு கோடுகள்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பாறையாம், அந்தப் பாறை உச்சியிலே ஒரே ஒரு கொடியாம், அந்தக் கொடியை நடுவதற்கு ஒரே ஒரு ஆளாம். அந்த ஆள் நான்தான், அதுதான் என் உத்தியோகம்.

நிலம் அளக்கிறவர்கள் வயலில் சங்கிலி இழுப்பதைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் உசரமாக நிற்கிற பாறைகளின் தலையில் மூங்கில் கொடி நட வேண்டும். அப்புறம் சர்வேயர் ஒரு உச்சியில் பொட்டியை வைத்து மற்ற உச்சிகளில் இருக்கும் கொடிகளைப் பார்த்துக் கோணம் எடுப்பார். பொட்டி என்றால் தியோடலைட். மூன்று கால் ஸ்டாண்டின் மேல் உட்காரும் தொலைநோக்கிக் கருவி. கோணம் எடுப்பவருக்குப் பெயர் ஆபீசர். கொடி நடுபவனுக்குப் பெயர் கலாசி.

எழுபதுகளின் கடைசியில் அப்படி ஒரு சர்வே பார்ட்டியில் கொடிக்காரனாக இருந்தேன். தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டு, மறுநாள் காலையில் அந்த வேலையின் முகத்தைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தவர் யாராவது உங்களில் இருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்கு அது டைப் மிஷினாக இருந்திருக்கலாம், கரண்டுக் கம்பமாக இருந்திருக்கலாம். எனக்குப் பாறை.

தெரியும் சார்

எனக்கு ஆண்டிமடம் பக்கம். எங்கள் ஊரில் உசரம் என்று ஒன்று கிடையாது. முந்திரி மரத்தில் ஏற ஏணிகூட வேண்டாம், அது நமக்காகக் குனிந்து நிற்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் தோப்பில் கொட்டை பொறுக்கியவர்கள். முந்திரிக் கொட்டையின் எண்ணெய் பட்டு வருசத்தில் மூன்று மாசம் விரல் தோல் உரிந்துகொண்டே இருக்கும். அந்த விரல்களோடுதான் பெரம்பலூரில் பார்ட்டி இறங்கியிருந்த வாடகை வீட்டு வாசலில் போய் நின்றேன். சர்வேயர் சுந்தரேசன் சார் பருத்த ஆள். வெயிலோ புழுதியோ, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைதான். "பாறை ஏறத் தெரியுமா?" என்றார். "தெரியும் சார்" என்றேன். அதுவரை நான் ஏறியதில் பெரியது ஆண்டிமடம் பஸ்ஸின் பின்னால் இருக்கும் ஏணி.

சார் சுற்றி வளைக்கவில்லை. "அரும்பாவூர் போற ரோட்டுல மொட்டைப்பாறைன்னு ஒண்ணு இருக்கு. மூணு வாரத்துல அதும் உச்சியில உன் கையால கொடி நிக்கணும். நின்னா அடுத்த பச்சைமலை கேம்ப்புக்கு உன் பேரை எழுதுறேன். நிக்கலைன்னா ஆண்டிமடம் பஸ்ல ஏத்தி விட்டுர்றேன்." பக்கத்தில் ஒருவன் மூங்கில் சீவிக்கொண்டிருந்தான். மாணிக்கம் என்று பெயர், திருமானூர்க்காரன், என்னைவிட இரண்டு வயசு மூத்தவன். கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது நீந்திக் கடந்தவனாம்; பாறை என்றால் மட்டும் பத்தடி தள்ளித்தான் நிற்பான். அவன் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "கவலப்படாதே. அந்த பஸ்ஸுல பின்னால ஏணி இருக்கும், நல்லா ஏறிக்குவே."

ஒன்றரை ஆள் உசரம்

நான் தாத்தாவின் கதை கேட்டு வளர்ந்தவன். அவர் கதையில் வருகிற ராசகுமாரன் "ஏழு மலையும் தாண்டிப் போனான்" என்று ஒரே மூச்சில் போய்விடுவான். முதல் மலையின் அடியில் நின்று அவன் எந்தக் காலை முதலில் வைத்தான் என்று தாத்தா சொன்னதே இல்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை. மொட்டைப்பாறையின் அடியில் நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய குறை என்று தெரிந்தது. நாலு தென்னையை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய உசரம். கறுப்பு. பிடிக்க ஒரு செடி கிடையாது.

பார்ட்டியில் கொடுத்த கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, இடுப்பில் சுண்ணாம்பு டின்னும் அதில் ஒரு பனைமட்டை பிரஷ்ஷுமாக ஏறினேன். உச்சியில் வட்டம் கொத்தி, சுற்றி வெள்ளையடிக்க அந்தச் சுண்ணாம்பு. ஒன்றரை ஆள் உசரம் போனதும் நின்றுவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கன்னத்தைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு எத்தனை நேரம் நின்றேனோ. எப்படியும் விழத்தான் போகிறோம், எதுவரைக்கும் வந்தோம் என்பதற்கு ஒரு சாட்சியாவது இருக்கட்டும் என்று தோன்றியது. மட்டையைத் தோய்த்துக் கை எட்டின இடத்தில் தடிமனாக ஒரு கோடு போட்டேன். அப்புறம் சறுக்கினேன்.

முழுசாகத்தான் வந்து சேர்ந்தேன். மாணிக்கம் என்னைச் சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தான், பிறகு பாறையைப் பார்த்தான். "பரவால்லடா, பாதி டவுசர் இன்னும் மேலதான் இருக்கு, அதுக்கு வேணா வேலை போட்டுக் குடுப்பாங்க."

காதர் பாயின் அளவு

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. எதுவரை போகிறேனோ அங்கே ஒரு கோடு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் டைரி வைத்துக்கொள்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி. ஆனால் டைரியில் பொய் எழுதலாம். இரண்டாம் நாள் என் கோடு முதல் நாள் கோட்டுக்கு ஒரு முழம் கீழே விழுந்தது. போடாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியுமே என்று போட்டேன். மூன்றாவது இரண்டுக்கும் மேலே போனது. நாலாவது அதற்கும் ஒரு சாண் மேலே. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் அந்த நாலு கோடும் நிற்கும்.

பாறைக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கியிருந்தோம். எங்கள் சமையல்காரர் காதர் பாய் லப்பைக்குடிகாட்டுக்காரர். அவருக்கு என் கோடுகள் மேல் நம்பிக்கை இல்லை. அவருடைய அளவு கரண்டி. முதல் நாள் பயத்தில் ஒரு கரண்டி சோறோடு எழுந்துவிட்டேன். இரண்டாம் நாள் இரண்டு. கோடு கீழே இறங்கின அன்றைக்குத்தான் சோறு மேலே போனது என்பதை அவர் கவனித்திருக்கிறார். நாலாம் நாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லோர் முன்னாலும் அறிவித்தார்: "மாஷா அல்லா, தம்பி நாளுக்கு நாள் மேல போய்க்கிட்டுத்தான் இருக்கு, பாறையில இல்ல, என் சட்டியில."

தண்ணி எதுவரைக்கும் வரும்?

மொட்டைப்பாறை அடிவாரத்தில் வையாபுரி என்று ஒருவருக்குக் கடலைக்காடு. மானம் பார்த்த பூமி. ஒரு நாள் காலையில் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து எழுந்து வந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஏந்தம்பி, அணை எங்க கட்டுறாங்க?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அளக்க வந்த கவர்மெண்டு ஆள் பாறையில் கோடு போட்டால், தண்ணீர் அந்த உசரத்துக்கு நிற்கப் போகிறது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது.

"அணையெல்லாம் இல்லிங்க. நான் எவ்ளோ தூரம் ஏறினேன்னு பாக்க நானே போட்டுக்கிட்டது" என்றேன். அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். கவர்மெண்டு சுண்ணாம்பை எடுத்து ஒருத்தன் தன்னைத் தானே அளந்துகொள்வானா? ரகசியம், கீழ்மட்ட ஆள் சொல்ல மாட்டான் என்று அவருக்குத் தெரியாதா? கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சொல்ல வேணாம் தம்பி, ஒங்க பொழப்பு எனக்குத் தெரியும். ஆனா நாலாவது கோட்டோட நிறுத்திக்கச் சொல்லுங்க, அதுக்கு மேல எம்மவ வூடு இருக்கு."

முத்தம்

ஐந்தாவது கோட்டில் எட்டு நாள் நின்றேன். தினமும் போவது, தினமும் அதே இடத்தில் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்குவது, இறங்குவது. புதுக் கோடு போட இடமில்லாமல் பழைய கோட்டின் மேலேயே பூசிப் பூசி அது ஒரு விரல் கனத்துக்கு ஏறிவிட்டது. தொட்ட உசரத்தையே திரும்பத் தொட்டாலும் அதுவும் ஒரு நாள் வேலைதானே, விட்டுவிட மனசில்லை.

ஒரு நாள் கன்னத்தைப் பாறையில் வைத்தபடி நிற்கும்போது தலையில் புழுக்கை விழுந்தது. பின்னாலேயே ஆடு. அதற்குப் பின்னால் இரண்டு பாதம். ஆடு மேய்க்கிற அஞ்சலையக்கா, இரண்டு பிள்ளை பெற்றவள், தோளில் ஒரு குட்டியைப் போட்டுக்கொண்டு மேலேயிருந்து இறங்கி வருகிறாள். "கொஞ்சம் ஒதுங்குங்க, ஆடு வருது" என்றாள், ஏதோ நான் கடைத்தெருவில் வழிமறித்து நிற்பதுபோல. நான் எங்கே ஒதுங்குவேன்? அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். அவள் வயிறு பாறையில் படவே இல்லை. பாதம் மட்டும் முழுசாகப் பட்டது. நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் நடந்து போகிறாள்.

மறுநாள் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, உடம்பைப் பாறையிலிருந்து தள்ளி வைத்துப் பார்த்தேன். விழுந்துவிடுவோம் என்று உள்ளே ஒருத்தன் அலறுகிறான். கால் ஆனால் வழுக்கவில்லை. அன்றைக்கு ஆறாவது கோடு ஐந்தாவதைவிட ஒரேயடியாக இரண்டாள் உசரம் மேலே விழுந்தது. கீழே புளியமரத்து நிழலில் ஆடுகளோடு உட்கார்ந்திருந்த அஞ்சலையக்கா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்: "இன்னிக்குத்தான் பாறையில நிக்கிறாரு, நேத்து வரைக்கும் அதுக்கு முத்தம் குடுத்துக்கிட்டுல்ல இருந்தாரு."

குரல்

எனக்குச் சின்ன வயசிலிருந்தே சத்தமாகப் பேச வராது. கதை கேட்கிறவன் இடையில் பேசக் கூடாது என்று வளர்ந்தவன், அந்தப் பழக்கம். கொடிக்காரனுக்கு அது பெரிய குறை. ஆறாவது கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திட்டு இருந்தது. அங்கே நின்று "கயிறு!" என்று கத்தினேன். மாணிக்கம் பீடி குடித்துக்கொண்டிருந்தான். மறுபடியும் கத்தினேன். அவன் எழுந்து சோம்பல் முறித்தான். கடைசியில் சட்டையைக் கழற்றி ஆட்டித்தான் கயிறு வாங்கினேன். அன்றிலிருந்து கொடியாலேயே பேசுவது என்று முடிவு செய்தோம்: ஒருமுறை ஆட்டினால் கயிறு, இரண்டுமுறை மூங்கில், மூன்றுமுறை ஆட்டினால் வேலை முடிந்தது. இறங்கி வந்ததும் மாணிக்கம் தோளில் கை போட்டான். "நீ விழுந்தாலும் மெதுவாத்தாண்டா கத்துவே, விழறதுக்குக் கொஞ்சம் முந்தியே சொல்லிடு."

தலைகீழ்

எங்கள் பொட்டி பழைய காலத்துப் பொட்டி. அதன் வழியாகப் பார்த்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். மரம் வானத்திலிருந்து தொங்கும். சாருக்கு அது பழகிப்போன விஷயம். மாணிக்கத்துக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் சார் கடலைக்காட்டில் பொட்டியை நிறுத்திச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏழாவது கோடு போட்ட இடத்தில், ஒரு கையால் பாறையைத் தொட்டுக்கொண்டு, சாவகாசமாக நின்றேன். நின்றேன் என்பதைக் கவனியுங்கள். சார் தண்ணீர் குடிக்கப் போன சமயம் மாணிக்கம் ஆசையாகக் கண்ணை வைத்தான்.

"ஐயோ சார், தலைகீழாத் தொங்குறான்! விழறான் சார்!" துண்டை விரித்துக்கொண்டு பாறையை நோக்கி ஓடினான். பத்தடிக்கு மேல் பாறையை நெருங்காதவன், அன்றைக்கு அதன்மேல் முட்டிக்கொண்டுதான் நின்றான். சார் சொம்போடு வந்து பொட்டியில் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான், அதையும் மாணிக்கத்திடம்தான் சொன்னார்: "பொட்டிதான்யா தலைகீழாக் காட்டும். அவன் நேராத்தான் நிக்கிறான், வேலைக்கு வந்ததுலேருந்து இன்னிக்குத்தான்."

எட்டாவது கோடு

சார் சொன்ன மூன்று வாரத்தில் மூன்று நாள் மிச்சம் இருந்தது. ஏழாவது கோட்டைத் தாண்டினால் பாறை தன் முறுக்கைத் தளர்த்திவிடுகிறது; தோள் முடிந்து முதுகு மாதிரி படுத்துவிடுகிறது. கை வைக்காமலே நடந்து போனேன். உச்சியில் ஒரு குழி, அதில் மழைத்தண்ணீர், சுற்றிலும் ஆட்டுப் புழுக்கை. எனக்கு முன்னால் எத்தனை ஆடு வந்து போயிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை. கீழே காதர் பாயின் அடுப்புப் புகை நூல்போல் நின்றது. கிழக்கே அரியலூர்ப் பக்கம் ஒரே சமவெளி, வெயில் புகைமூட்டமாகக் கிடந்தது. அதற்கும் அந்தப்பக்கம்தான் ஆண்டிமடம். முந்திரித் தோப்பு தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. சந்தோசமாக இருந்தது.

உளியால் வட்டம் கொத்தி நடுவில் புள்ளி வைத்தேன். வெள்ளையடிக்க டின்னைத் திறந்தால் அடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம்தான் இருந்தது. ஏழு கோடும், அந்த ஐந்தாவது கோட்டின் எட்டுப் பூச்சும் மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டன. குழித் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, மோர் மாதிரி தெளித்து ஒப்பேற்றினேன். இடுப்பில் செருகியிருந்த கொடித்துணியை இரண்டுமுறை ஆட்டினேன். கீழே விட்ட கயிற்றில் மூங்கில் வந்தது. கல் அடுக்கி நட்டேன். இறங்கி வந்தபோது மாணிக்கம் கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். "கீழல்லாம் கல்யாண வூடு மாதிரி வெள்ளையா இருக்கு, மேல என்னடா எச்சி தொட்டு வச்சாப்ல இருக்கு?"

கூடாத முக்கோணம்

மறுநாள் சாரும் மாணிக்கமும் இரண்டு மைல் தள்ளியிருந்த எதிர்க்கரடு என்கிற சின்னக் குன்றின் மேல் பொட்டியைக் கொண்டுபோனார்கள். நான் கொடியைக் கம்பத்தில் விட்டுவிட்டு நிம்மதியாகப் புளியமரத்து அடியில் படுத்திருந்தேன். வேலை முடிந்தது, பெயர் எழுதியாகிவிட்டது என்றே நினைப்பு. அன்றைக்கு இலைகூட அசையவில்லை. சாயங்காலம் கூடாரத்தில் சார் மற்ற மூலைகளின் கணக்கையும் வைத்துக் கோணங்களைக் கூட்டினார். முக்கோணத்தின் மூன்று மூலையையும் கூட்டினால் நூற்றெண்பது வர வேண்டும். நாம் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அது அப்படித்தான். சாருக்கு வரவில்லை. மூன்று தடவை கூட்டினார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

காலையில் பாறைக்கு வந்தார். அண்ணாந்து பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. காற்றில்லாமல் கொடி நனைந்த துண்டு மாதிரி கம்பத்தோடு சுருண்டு கிடந்தது. கானலில் மூங்கிலும் உச்சி விளிம்பும் கண்ணுக்குப் படவில்லை. உச்சி வட்டமோ மோர்த் தண்ணி. பளீரென்று தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: உச்சிக்குக் கீழே, முப்பது நாற்பது அடி பக்கவாட்டில், ஒரு விரல் கனத்துக்கு நான் பூசி வைத்த ஐந்தாவது கோடு. அதுதான் குறி என்று அதைப் பார்த்துக் கோணம் எடுத்திருக்கிறார். பார்ட்டியின் ஒரு முழு நாள் உழைப்பு என் எட்டு நாள் நடுக்கத்தின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

"இதெல்லாம் என்ன கோடு?" என்றார். சொன்னேன். "சத்தமாச் சொல்லு." மறுபடியும் சொன்னேன். ஒவ்வொரு கோடாக விரலால் காட்டிக் கேட்டார். "அந்த ரெண்டாவது ஏன் மொதலாவதுக்குக் கீழ இருக்கு?" "அன்னிக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு சார்." மாணிக்கம் சிரிக்க வாயைத் திறந்தவன், சாரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். சார் அந்த ஏழு கோட்டையும் கீழேயிருந்து மேலே இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "நான் திரும்ப எதிர்க்கரட்டுக்குப் போறேன். நீ இந்த ஏழையும் அழிச்சுக்கிட்டே மேல போயி, கொடியைக் கையில பிடிச்சு விரிச்சுக்கிட்டு நில்லு. இந்தத் தடவையும் கூடலைன்னா, ஆண்டிமடம் பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டு வச்சுக்க."

சட்டிக்கரி

காய்ந்த சுண்ணாம்பைத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. கறுப்புப் பாறையில் வெள்ளையை மறைக்க என்ன இருக்கிறது? காதர் பாய்தான் தன் பிரியாணிச் சட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அடிப்பக்கத்துக் கரியைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, மண்ணோடு குழைத்து டின்னில் போட்டுக் கொடுத்தார். "ஆறு மாசமா ஏன் வெளக்கலேன்னு எல்லாரும் கேட்டீங்களே!" என்று ஒரு பார்வை வேறு.

ஏறினேன். முதல் கோட்டில், பாதி டவுசரை விட்டுவிட்டு வந்த இடத்தில், ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் கரி பூசினேன். இரண்டாவதைக் குனிந்து பூச வேண்டியிருந்தது. அவ்வளவு கீழே இருந்தது அது. ஐந்தாவதுதான் நேரம் பிடித்தது, கனமாச்சே. டின்னை முழங்கால் மடிப்பில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தேய்த்தேன். தேய்த்து முடித்த பிறகுதான் கவனித்தேன், இரண்டு கையும் பாறையைப் பிடிப்பதை விட்டுவிட்டிருக்கின்றன. எட்டு நாள் நான் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்கிய இடம் அது. வையாபுரி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலையக்காவின் ஆடுகூடப் பார்த்தது.

உச்சிக்குப் போய்க் கொடித்துணியின் முனையைப் பிடித்து இழுத்து விரித்தபடி நின்றேன். காற்று அன்றைக்கும் வரவில்லை. காற்றின் வேலையையும் சேர்த்து நான்தான் பார்த்தேன். தோள் இற்றுப்போய், பாறைச் சூடு பாதத்தில் ஏறி, நிழல் காலடியில் சுருங்கி மறுபக்கம் நீளத் தொடங்கும்போது எதிர்க்கரட்டில் மாணிக்கத்தின் கொடி ஒரு சிவப்புப் பொட்டாக அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. சாயங்காலம் கூடாரத்தில் சார் ஒரே தடவைதான் கூட்டினார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கரி அப்பிய என் முகத்தைப் பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தார். "பச்சைமலைக்கு இவன் பேரை எழுதியாச்சு காதர் பாய், ஆனா இவன் கையில சுண்ணாம்பு மட்டும் குடுக்காதீங்க."

கேம்ப் கலைந்தது

இரண்டு நாளில் கூடாரம் பிரித்தோம். மாட்டு வண்டியில் முதலில் சாரின் பொட்டி, பிறகு சட்டிகள், அவற்றின் மேல் காதர் பாய். மாணிக்கம் மூங்கில் கட்டோடு வண்டியின் பின்னால் நடந்தான். வளைவில் திரும்பி, ரோட்டிலிருந்தே பாறைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். நான் கூடாரக் கம்பு நட்ட குழிகளை மூடிவிட்டுக் கிளம்பும்போது வையாபுரி வந்தார். பாறையைப் பார்த்தார். முகம் வாடவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"பாவம், மேல ஆபீசுல திட்டியிருப்பாங்க, ரகசியம் வெளியில போயிடுச்சுன்னு" என்றார். நான் வாயைத் திறந்தேன். என் குரல் அவருக்கு எட்டுவதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். மகளையும் மருமகனையும் மேட்டுப் பக்கம் இடம் பார்க்கச் சொல்லிவிட்டாராம். தண்ணீர் ஏழாவது வரைக்கும் வந்தாலும் இனி பாதகமில்லை. கடலையை விட்டுவிட்டு நெல்லே போடலாம் என்று ஊரில் பேச்சாம். கக்கத்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கரிதான தம்பி பூசியிருக்கீங்க? ஒரு மழை பேஞ்சா போயிடும், கோடு தன்னால தெரியும். நாங்க பாத்துக்கறோம், நீங்க போயிட்டு வாங்க."

சொல்லிவிட்டு வரப்பில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நான் எவ்வளவு உசரம் ஏறினேன் என்பதை நானே என் கையால் அழித்த பிறகும், அதை நம்பித் தண்ணீருக்குக் காத்திருக்க ஒரு ஊரே இருக்கிறது என்றால், கொடிக்காரன் உத்தியோகம் ஒன்றும் லேசுப்பட்டதில்லை.